வீசுகோல் விழும் ஃபிரேம்

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு எல்இடி திரை வைப்பதென்று முடிவானதும், வில்லுப்பாட்டின் தொடக்கத்தை அனிமேஷனாகச் செய்து தருகிறேன் என்று விழாக்குழுவிடம் நானே போய்க் கேட்டேன். நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். ப்ளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் சொந்த ஆர்வத்தில் பழகியது. வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் திரையில் ஆளில்லாமல் தாமே இசைக்க வேண்டும், ஒவ்வொரு அடியும் பாட்டோடு பிசகாமல் விழ வேண்டும். நம் பக்கத்து இசைக்கு இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று செய்த வழியை எழுதுகிறேன்.

கருவிகள் தாமே வாசிக்கும் அனிமேஷனில் பெயர் பெற்றவர் அமெரிக்காவின் வெய்ன் லைட்டில். மிடி என்ற கணினி இசைக் குறிப்பு முறையின் தரவைக் கொண்டே அசைவுகளை உருவாக்கியவர். 1983-இல் வந்த மிடியில் எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் எண்ணாகவே இருக்கும்; அழுத்தம் 0 முதல் 127 வரை. வில்லுக்கும் குடத்துக்கும் அப்படி ஒரு தரவு எங்கே கிடைக்கும்?

தாளத்தைக் கணக்குப் போட்டு விடலாமே என்று சிலர் சொன்னார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு, நொடிக்கு 24 ஃபிரேம் (அதாவது 24 தனிப் படங்கள்) என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம். சினிமாப் பாட்டுக்கு இது போதும். வில்லுப்பாட்டுக்கு ஒத்துவராது. புலவர் கதை சொல்லும்போது தாளம் இளகும், சாமி வர்ணனை வந்தால் ஏறும், பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடும் இடத்தில் ஒரு மூச்சு நிற்கும். அந்த இளக்கத்தில்தான் இந்தக் கலையே இருக்கிறது. அதைக் கட்டத்துக்குள் அடைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே ஒவ்வொரு அடியின் நேரத்தையும் ஒலியிலிருந்தே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

குழுவை வழக்கமாக உட்காரும் வரிசையிலேயே உட்காரவைத்து, ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு மைக் வைத்துத் தனித்தனி ட்ராக்காகப் பதிவு செய்தோம். வேவ் கோப்பு, நொடிக்கு 48,000 மாதிரிகள். எம்பி3 வேண்டாம், அந்தச் சுருக்கத்தில் கோப்பின் தொடக்கத்தில் சின்ன வெற்றிடம் சேர்ந்துகொள்ளும், எல்லா அடியும் அந்த அளவு தள்ளிப்போகும். கைகளின் அசைவைப் பார்த்துக்கொள்ளப் போனில் வீடியோவும் எடுத்தேன். போன் வீடியோவின் ஃபிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது என்பதால், அதை நொடிக்கு 25 என்று மாற்றிய பிறகுதான் ஒலியோடு ஒட்டியது.

அப்புறம் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள். பாட்டை ஓடவிட்டு அடி விழும்போதெல்லாம் அடையாளம் போட வேண்டும். காது கேட்டு விரல் அமுக்குவதற்குள் கொஞ்சம் பிந்திவிடும் என்பதால், ஒவ்வொரு அடையாளத்தையும் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, அலை செங்குத்தாக எழும் இடத்துக்கு நகர்த்தினேன். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் மொத்த வேலையிலும் அடித்தளம் இதுதான்.

அந்த அடையாளங்களை எழுத்துக் கோப்பாக எடுத்து, ஒரு சிறிய பைதான் நிரல் வழியாக ப்ளெண்டருக்குள் கொண்டுவந்தேன். கணக்கு எளிது: அனிமேஷனும் நொடிக்கு 25 ஃபிரேம் என்பதால் நொடியை 25-ஆல் பெருக்கி, காலக்கோடு 1-இல் தொடங்குவதால் 1 கூட்ட வேண்டும். 61.37-ஆவது நொடியில் விழும் அடி 1535.25-ஆவது ஃபிரேமுக்கு வரும். அந்தக் கால் ஃபிரேமை அப்படியே விட்டால், வில்லை அடிக்கும் வீசுகோல் நாணைத் தொடும் கணம் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் போய்விடும், திரையில் தொடுவதே தெரியாது. அதனால் அடி விழும் ஃபிரேமை மட்டும் முழு எண்ணாக்கினேன்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தை நேராக அசைவாக மாற்றும் வசதி ப்ளெண்டரிலேயே இருக்கிறது. குடத்தின் வாய் அதிர்வதற்கும் விளக்கொளி துடிப்பதற்கும் அதுவே போதுமாக இருந்தது. வீசுகோலுக்கு அது உதவாது. சத்தம் பிறந்த பிறகுதான் அந்த அசைவு எழும். கோலோ அதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும்.

இதை எனக்கு உணர்த்தியவர் புலவர் அண்ணாச்சி. எல்லா அடியும் ஃபிரேம் சுத்தமாக விழும் முதல் மாதிரியை லேப்டாப்பில் காட்டினேன். இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, “சத்தம் சரியாத்தான் விழுது மக்கா. கோலு எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல” என்றார். தன் கோலை எடுத்து ஒரு அடி அடித்துக் காட்டினார். அன்று ராத்திரி போன் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். முதலில் தோள் லேசாக எழுகிறது, பிறகு முழங்கை, கடைசியில்தான் மணிக்கட்டு சுண்டுகிறது. அடி விழுந்த பிறகும் வில்லில் தொங்கும் மணிகள் சிறிது நேரம் ஆடுகின்றன. காது அடியை மட்டும் கேட்கிறது, கண்ணுக்கு அதற்கு முன்னும் பின்னும் வேண்டியிருக்கிறது.

நிரலை அதற்கேற்ப மாற்றினேன். அடி எவ்வளவு பலமோ கோல் அவ்வளவு உயரம் தூக்கும். அடுத்த அடிக்கு இடைவெளி குறைந்தால் உயரமும் குறையும். வேகம் ஏறும் இடத்தில் நொடிக்கு எட்டு அடி வந்தால் ஒரு அடிக்கு மூன்று ஃபிரேம்தான். இரண்டு கோலும் மாறி மாறி விழுவதால் ஒவ்வொன்றுக்கும் ஆறு கிடைக்கிறது, அதில் கையை எழுப்பிவிடலாம். உடுக்கையை மட்டும் நிரலிடம் விடவில்லை. நடுவில் உள்ள கயிற்றை அழுத்தும்போது சுருதி ஏறி இறங்கும் அந்தக் குழைவைக் காதால் கேட்டுக் கேட்டுக் கையாலேயே செய்தேன். மொத்த வீடியோவிலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

கொடைக்கு முந்தின நாள் மைதானத்தில் போட்டுப் பார்த்தபோது வேறொரு சிக்கல். திரைக்குப் படத்தை அனுப்பும் கருவி அதைச் சில ஃபிரேம் தாமதமாக்கியது, ஒலி முந்திக்கொண்டது. ஒலி கொஞ்சம் பிந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும். இடி அப்படித்தானே வருகிறது. முந்தினால் உடனே உறுத்தும். மைக்செட்காரரிடம் சொல்லி மிக்சரில் ஒலியைத் தாமதப்படுத்தினோம். எவ்வளவு என்பதில் தூரக் கணக்கும் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும்; ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பத்தில் ஒரு நொடி, அதாவது இரண்டரை ஃபிரேம், பிந்திக் கேட்கும். அண்ணாச்சி முன்வரிசையிலும் நான் கடைசியில் பந்தல்காலுக்குப் பக்கத்திலும் நின்று, அவர் கை காட்டக் காட்ட, முன்வரிசைக்கு மிகச் சரியாக வரும்படி வைத்தோம். பின்னால் நிற்பவர்களுக்கு அந்தச் சின்னப் பிந்தல் பொருட்டாகவே இல்லை.

செய்து பார்க்க நினைப்பவர்கள் பதிவு செய்யும் அன்றே ஒவ்வொரு கலைஞரையும் தனியாக ஒரு தடவை மெதுவாக வாசிக்கச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி அடையாளக் கோப்பைத் தனியே பத்திரமாக வையுங்கள். காட்சியை எத்தனை முறை மாற்றினாலும் அந்த ஒரு கோப்பு போதும்.