ஓட்டை எல்லாம் அடைச்சிட்டேன் சார்!

பேஸ் கிட்டார் வீட்டுக்கு வந்துவிட்டது, ஆம்ப்பில் ‘ம்ம்ம்’ என்று கேட்டுக்கொண்டிருந்த ஹம்மும் போய்விட்டது. இனி நிதானமாக எழுதலாம். நடுவில் எழுத உட்கார்ந்திருந்தால் வெறும் வசவாகத்தான் வந்திருக்கும். பழைய பேஸ் ஒன்றை வாங்கி, பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பாகம்) மாற்றி, புது நிறம் அடித்துக்கொள்ளலாம் என்று சென்னையில் யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், கடையில் காசு கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வாங்கியது பெரிய கதை இல்லை. முதலில் பேசி வைத்திருந்தவர் தாம்பரத்தில் இருந்தார். வெயிலில் போய் அவர் வீட்டு வாசலில் நின்றால், “இப்பதான் ப்ரோ, ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போனார்” என்கிறார். கிளம்பும்போது போன் செய்துவிட்டுத்தான் போனேன். அப்போது சொல்ல வாய் வரவில்லை. அதன் பிறகு, ஆயிரம் ரூபாயாவது அட்வான்ஸ் அனுப்பாமல் யார் வீட்டுக்கும் கிளம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்துக் கிடைத்தது இந்தோனேசியாவில் செய்த, ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் என்ற மாடலின் வடிவத்தில் இருந்த கறுப்புக் கிட்டார். நெக் நேராக இருந்தது. அதைப் பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். தடிமனான கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் கவலை இல்லை. அதைவிடப் பெரிதாக இருந்தால் ஆலன் கீயைப் போட்டு, ட்ரஸ் ராடில் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் கம்பி) இன்னும் திருக இடம் இருக்கிறதா என்று விற்பவர் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். “அதெல்லாம் செட்டப்ல சரியாயிடும்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏற்கெனவே கடைசிவரை திருகி முடித்த ராடை எந்த செட்டப்பும் சரி செய்யாது.

பிக்கப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். “ஸ்டாண்டர்டு ஜாஸ் பேஸ் எல்லாத்துக்கும் பொருந்தும்” என்று விற்றவர் எழுத்தில் கொடுத்திருந்தார். பொருந்தவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். பெட்டி சென்னைக்கு வந்ததும் கூரியர் நிறுவனம் ஆதார், பான் எல்லாம் கேட்டது. கொடுத்தேன். கையெழுத்து பானில் இருப்பதுபோல் இல்லை என்றது. மறுபடி கொடுத்தேன். இசைக்கருவியின் உதிரி பாகங்களுக்கு 9209 என்று சுங்கத்தில் தனித் தலைப்பே இருக்கிறது. இவர்கள் என்னவோ ஏதோ எலக்ட்ரானிக் சாமான் என்று போட்டு வைத்திருந்தார்கள். போனில் பேசிய பெண், “நீங்க மெயில் போடுங்க சார்” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மெயிலுக்கு வந்த பதிலோ, கஸ்டமர் கேருக்குப் போன் செய்யுங்கள் என்றது. பொருளின் பெயர், தலைப்பு எண், விலை மூன்றும் இன்வாய்ஸில் தெளிவாக இருக்க வேண்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழைய வித்தை இப்போது செல்லாது. 2019 டிசம்பரிலேயே அந்தக் கதவை மூடிவிட்டார்கள்.

பெட்டி அங்கே கிடக்க, நான் இங்கே பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். ஃபேக்டரியில் அடிக்கும் பாலியெஸ்டர் பூச்சு சாதாரணப்பட்டதல்ல. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தோள்தான் தேயும். ஹீட் கன்தான் சுலபமான வழி. ஒரே இடத்தில் காட்டிக்கொண்டே இருக்காமல் மெல்ல நகர்த்திக்கொண்டு, பூச்சு லேசாக உப்பும்போது பட்டி பிளேடைக் கீழே கொடுத்தால் சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும். மாஸ்க் இல்லாமல் செய்யாதீர்கள். அம்மா மாடிப்படியில் நின்று, “வத்தல் காயுதுடா, அங்க போய் அந்தக் கருமத்தைச் சுரண்டாத” என்று சத்தம் போட்டதும் நியாயம்தான். அந்த நாற்றம் சாயங்காலம் வரைக்கும் போகவில்லை.

மரத்தின் ரேகை தெரிய வெறும் கிளியர் (நிறமில்லாத பூச்சு) மட்டும் அடிக்கலாம் என்றுதான் ஆசை. கறுப்பு போனதும் அந்த ஆசையும் போனது. பாடி ஒரே பலகை இல்லை. நிறம் நிறமாக ஐந்து துண்டுகளை ஒட்டியிருந்தார்கள், ஒரு மூலையில் பட்டி வேறு. இந்த விலைக் கிட்டாரில் அடர் நிறத்துக்கு அடியில் இப்படித்தான் இருக்கும். சத்தத்தில் எந்தக் குறையும் கிடையாது, கண்ணுக்குத்தான் குறை. ஆகவே முழு நிறம் என்று முடிவானது. ஃபியஸ்டா ரெட்.

கிட்டாரை கார் பெயின்ட் அடிப்பவரிடம் கொடுப்பதா என்று நண்பர்கள் சிரித்தார்கள். 1960 வாக்கில் ஃபெண்டர் கம்பெனி கூடுதல் காசு வாங்கிக்கொண்டு அடித்துக்கொடுத்த நிறங்கள் டூபான்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட்கள்தான். லேக் பிளாசிட் ப்ளூவும் சோனிக் ப்ளூவும் காடிலாக் கார்களின் நிறம். ஃபியஸ்டா ரெட் 1956 ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம். அந்தத் தைரியத்தில்தான் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன்.

“எந்த வண்டி கலர் சார்?”

“தண்டர்பேர்டுண்ணே. ஃபியஸ்டா ரெட்.”

“புல்லட்டா?”

“இல்லண்ணே, கார். ஃபோர்டு.”

“ஃபோர்டா? அதான் மறைமலைநகர்ல மூடிட்டுப் போய்ட்டானே!”

சிரித்துவிட்டு வந்தேன். சாம்பிள் அட்டையைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. நம் ஊரில் ஓடிய ஃபியஸ்டா காரின் சிவப்பைக் கலந்து வைத்திருந்தார், நல்ல அடர் சிவப்பு. எனக்கு வேண்டியது வெயிலில் வெளுத்த தபால் பெட்டி மாதிரி, கொஞ்சம் ஆரஞ்சு ஏறிய சிவப்பு. போனில் போட்டோ காட்டிப் பயனில்லை. அவர் போனில் ஒரு நிறம், என் போனில் ஒரு நிறம். கடைசியில் ஒரு ஹார்டுவேர் கடையின் பெயின்ட் கேட்லாக்கில் நெருங்கிய நிறத்தைக் கண்டுபிடித்து, அந்தத் தாளைக் கையில் கொடுத்த பிறகுதான் சரியாக வந்தது. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளோடு போங்கள், அது பிளாஸ்டிக் மூடியாக இருந்தாலும் சரி.

கிட்டாரைப் பட்டறையில் சேர்த்த நேரம் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் சீக்கிரம் காயும் என்று அதையே அடித்தார்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிவப்பின் மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. “துடைச்சாப் போயிடும்” என்றார் உதவியாளப் பையன். அது போகாது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டரைத் தின்னரில் கலந்து, வெயில் வந்த பிறகு மேலே ஒரு கை அடித்ததும்தான் தெளிந்தது. மேல் பூச்சுக்கு டூ-கே பி.யூ. (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன்) கிளியர் அடிக்கச் சொன்னேன். இந்தப் பூத்துப்போகும் தொல்லை அதில் குறைவு. ஆனால் அதில் கலக்கும் ஹார்டனர் மூச்சுக்கு ஆகாது. வீட்டில் நாமே அடிக்கிற வேலையை விட்டுவிடுங்கள். காரைச் சூடேற்றுவதுபோல் 60 டிகிரி பெயின்ட் பூத்தில் (சூடேற்றும் அறை) வைத்து ஒரே நாளில் தந்துவிடுவதாகவும் பட்டறைக்காரர் சொன்னார். ஒட்டிய மரம் அண்ணே, ஒட்டு விட்டுப்போகும் என்று கையைப் பிடித்துக் கெஞ்சித் தடுத்தேன்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. நெக் உட்காரும் குழிக்குள் பெயின்ட் போகக் கூடாது, போனால் நெக் உட்காராது என்று டேப் ஒட்டியே கொடுத்திருந்தேன். அதை ஒழுங்காக வைத்திருந்தார்கள். ஸ்க்ரூ துளைகளைத் தொட வேண்டாம் என்று தாளில் எழுதி உள்ளேயே ஒட்டியும் இருந்தேன். வாங்கப் போன அன்று, தட்டில் வைத்துச் சீர் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

“ஓட்டை எல்லாம் அடைச்சிட்டேன் சார். தடவிப் பாருங்க, எங்க இருந்துச்சுன்னே தெரியாது!”

உண்மையிலேயே தெரியவில்லை. பிரிட்ஜின் (கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பாகம்) ஐந்து துளை, பிக்கார்டின் துளைகள், ஸ்ட்ராப் பட்டனின் துளை எல்லாவற்றுக்கும் பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்து முடித்துவிட்டார். அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் கோபப்படவும் வரவில்லை. பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

துளை போட்டது நான்தான். பிரிட்ஜ் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கம்பி ஃப்ரெட்போர்டின் ஓரத்தில் ஓடும். அதனால் நெக்கை மாட்டி, இரண்டு ஓர ட்யூனர்களிலிருந்தும் தையல் நூலை இழுத்து, பிரிட்ஜின் மேல் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்தேன். நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பட்டை) 12ஆம் ஃப்ரெட்டுக்கு 432 மி.மீ., அங்கிருந்து சாடிலுக்கு (பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடம்) அதே 432. புது பெயின்ட்டில் துளை போட்டால் ஓரம் பிய்த்துக்கொண்டு வரும். மேலே டேப் ஒட்டி, ட்ரில்லை முதலில் ரிவர்ஸில் ஓட்டிப் பூச்சை மட்டும் அறுத்துவிட்டு, பிறகு நேராக ஓட்டினால் ஓரம் சிதையாது. ஒரு சில்லுகூடப் போகவில்லை என்பதை இங்கே கொஞ்சம் பெருமையாகவே பதிவு செய்கிறேன்.

பாட், அதாவது வால்யூமையும் டோனையும் திருகும் பொட்டென்ஷியோமீட்டர், வாங்க எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். 250 கே (கிலோ ஓம்) கேட்டால், “220 போட்டுக்கோங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். அது உண்மைதான், காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஏ (காதுக்குச் சீராக ஏறும் லாகரிதமிக் வகை) என்று கேட்டு வாங்கியதில் இரண்டு பி ஆக இருந்தன. பி என்றால் லீனியர், வால்யூம் ஒரு முனையிலேயே திடுக்கென்று ஏறி இறங்கும். பாட்-இன் முதுகில் அச்சிட்டிருப்பதைக் கடையிலேயே படித்துவிடுங்கள். அங்கே கிடைப்பவற்றின் தண்டு 6 மி.மீ., அமெரிக்க நாபின் துளை 6.35. டேப் சுற்றித்தான் இறுக்க வேண்டியிருந்தது.

இதற்குள் பிக்கப் வந்து சேர்ந்தது. ஜாஸ் பேஸில் நெக் பக்கத்து பிக்கப் சுமார் 92 மி.மீ., பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் சுமார் 95. வந்த செட் அப்படித்தான் இருந்தது. என் கிட்டாரில் இரண்டு குழியுமே நீளம். விலை குறைந்த பல மாடல்களில் இப்படி இருக்கும் என்பது விற்பவருக்குத் தெரியாமல் இருக்காது. திருப்பி அனுப்பு என்றார். அனுப்பும் செலவும் கட்டிய வரியும் சேர்ந்தால் இன்னொரு செட்டே வாங்கிவிடலாம். இதுவே பெயின்ட்டுக்கு முன் கையில் இருந்திருந்தால், ஒரு மரச் சீவலை ஒட்டி மேலே பெயின்ட் அடித்து மறைத்திருக்கலாம். உதிரி பாகங்கள் எல்லாம் வீட்டுக்கு வந்து, ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பெயின்ட். எவ்வளவு அவசரம் இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒயரிங்கையும் செட்டப்பையும் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தது, ஆம்ப்பில் போட்டதும் ‘ம்ம்ம்ம்’ என்றது. கடையில் கேட்டால், “சிங்கிள் காயில்னா ஹம் இருக்கத்தான் செய்யும் சார். வேணும்னா ஹம்பக்கர் போட்டுக்கோங்க.” (ஹம்பக்கர் என்றால் ஹம்மை அடக்கும் இரட்டைக் காயில் பிக்கப்.) எனக்கு அது தெரியாதா? ஒரு பிக்கப்பை மட்டும் ஏற்றினால் ஹம் வரும். இரண்டையும் முழுதாக ஏற்றினால் ஒன்றின் ஹம்மை மற்றது தின்றுவிடும், ஜாஸ் பேஸின் அமைப்பே அப்படி. இது எப்படி வைத்தாலும் கத்தியது. கம்பியைத் தொட்டால் மாற்றம் இல்லை. பாட்கள் மாட்டிய கன்ட்ரோல் பிளேட்டைத் தொட்டால் கப்சிப். மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் பிளேட்டுக்கும் தொடர்பே இல்லை என்று வந்தது.

பிளேட்டைக் கழற்றினால், பிரிட்ஜுக்குப் போக வேண்டிய கிரவுண்ட் ஒயரை அழகாக மடித்து, டேப் சுற்றி, மூலையில் செருகி வைத்திருக்கிறார்கள். அந்த ஒயர் வெளியே வரும் துளையையும் நம் பட்டறை அண்ணன் அடைத்துவிட்டாரே! சர்வீஸ்காரர் துளையைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை, மடித்து வைத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிரிட்ஜைக் கழற்றி, ஒரு பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் முனையைக் கூராக்கி, பிக்கப் குழிப் பக்கத்திலிருந்து அந்தச் சாய்ந்த துளைக்குள் விட்டேன். ஓரிடத்தில் முட்டியது. திருகித் திருகித் தள்ளினால், நாணய அளவு சிவப்பு வட்டத்தோடு பட்டிக் கட்டி பொத்தென்று வெளியே விழுந்தது. பிரிட்ஜ் மேலே உட்கார்ந்துவிடுவதால் வடு தெரியாது. ஒயரை இழுத்து, முனையைச் சுரண்டிப் பரப்பி, பிரிட்ஜை மேலே வைத்து இறுக்கினேன். மீட்டர் கூவியது. ஆம்ப்பைப் போட்டால், இரண்டு வால்யூமும் முழுதாக இருக்கையில், விசிறிச் சத்தம்தான் கேட்கிறது.

ஹம் வந்தால் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய வாடகை வீடுகளில் மூன்றாவது துளை சும்மா அழகுக்கு இருக்கும். அங்கே கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

நெக் பிக்கப் ஓரத்தில் அந்த 3 மி.மீ. சந்து மட்டும் இன்னும் இருக்கிறது. ஃபைல் அட்டையிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை வெட்டிச் செருகி வைத்திருக்கிறேன். யாரிடமாவது 95 மி.மீ. நெக் பிக்கப் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். என்னுடையது புதுசு, மாற்றிக்கொள்ளலாம். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுச் சொன்னால் போதும், ‘ஸ்டாண்டர்டு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.