மைலோ டின்னுக்குள் ஒரு கம்பெனிக் காசு

பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட வேண்டும். ஸ்டேடியத்தை ஒட்டி விரித்திருந்த தார்ப்பாய்களில், நின்றுபோன கடிகாரங்களுக்கும் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் நடுவே, ஒரு மைலோ (பாலில் கலக்கும் சாக்லேட் மாவு) டின் நிறையக் காசு இருந்தது. கடைக்காரர் பொறுக்கி எடுக்க விடமாட்டார், மொத்தமாகத்தான் விற்பாராம். நாற்பது வெள்ளி சொன்னார், முப்பதுக்குத் தந்தார். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே ரிங்கிட்டை இன்னும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம்.)

டின்னைத் தூக்கிக்கொண்டு லிட்டில் இந்தியா வந்தேன். மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) சொல்லிவிட்டு, மேசையில் நாளிதழை விரித்துக் கொட்டினேன். கையில் ஒரு சிறிய காந்தம், நகைக்கடைத் தராசு, பூதக்கண்ணாடி. கலப்புக் குவியலுக்கு இந்த மூன்றும் போதும்.

முதலில் காந்தம். பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டு வந்தன, எல்லாம் மலேசிய 1 சென். 1967இல் வந்த நாடாளுமன்றக் கட்டடம் போட்ட காசுதான், ஆனால் வெண்கலத்தில் அடித்ததை 1970களில் நிறுத்திவிட்டு, எஃகின் மேல் செம்பு பூசி அடித்தார்கள். ஒட்டாத 1 சென் பழையவை. அப்புறம் ஒரு பெரிய வெள்ளி டாலர். முன்பக்கம் திரிசூலமும் கேடயமுமாக நிற்கும் பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம்), பின்பக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் (அரபு எழுத்தில் மலாய்). கிழக்காசிய வணிகத்துக்காக 1895 முதல் 1935 வரை அடித்த வகை. தராசில் வைத்தேன், 19 கிராம். உண்மையானது 27 கிராமுக்குத் துளிதான் குறையும். இது போலி, தனியே வைத்துவிட்டேன்.

என்னை நெடுநேரம் பிடித்து வைத்தவை மலாயா காசுகள். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட இரண்டு 20 செண்ட் கிடைத்தன. 1945இல் அடித்ததில் அரசர் பெயரோடு ‘இந்தியாவின் பேரரசர்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. 1948இல் அடித்ததில் அது இல்லை. நடுவில் இந்தியா விடுதலை அடைந்துவிட்டது! உலோகமும் மாறியிருக்கிறது. முந்தையதில் பாதி வெள்ளி, பிந்தையது செம்பு-நிக்கல். இரண்டையும் அடுத்தடுத்து மேசையில் சுண்டினாலே ஓசையில் வித்தியாசம் தெரியும்.

சதுரமான 1 செண்டும் ஏழெட்டு இருந்தன. 1940இல் அடித்ததன் மேல் 1943இல் அடித்ததை வைத்தால் சின்னதாக உட்காருகிறது. 1943இல் மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. அந்த ஆண்டு போட்ட காசு வெளிநாட்டில் அச்சாகி, ஜப்பானியர் போன பிறகே இங்கே மக்கள் கைக்கு வந்தது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமான கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த நோட்டுக்கு அடுத்து அவர் கைக்கு வந்தது இந்தக் காசாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது, அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

மேலே வளையம் வைத்த ஒரு பதக்கமும் இருந்தது. 1937 மே 12, ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா. மதிப்பு போடாமல் வளையம் இருந்தால் அது காசு வரிசையில் சேராது. எண் மட்டும் பொறித்த ஒரு பித்தளை வில்லையும் இருந்தது. தோட்டத்து வில்லை (தோட்டங்களில் காசுக்குப் பதில் புழங்கியது) என்று சொல்லி விற்றால் விலை கூடும். பெயரே இல்லாததற்குப் பெயர் சூட்டுவது தவறு. ‘எண் வில்லை’ என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

பக்கத்துப் பூக்கடை அம்மா எட்டிப் பார்த்தார். நேராக ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசை எடுத்தார்.

“தம்பி, இது 1818 காசுதானே? லட்சக்கணக்கில போகுமாமே? எங்க வீட்டுச் சாமி மேடையிலயும் ஒண்ணு இருக்கு.”

பின்பக்கம் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, 1818’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. 1835க்கு முன் மதராஸ், பம்பாய், வங்காளம் என்று தனித்தனியாகத்தான் அடித்தார்கள். ராமர், அனுமன் போட்டவை வழிபாட்டுக்கும் நினைவுக்கும் பின்னாளில் அடித்து விற்ற வில்லைகள். இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன். ஏமாற்றுக்காரன் எவனாவது இதைக் காட்டி அவரிடம் பணம் பறித்துவிடக் கூடாது.

அவர் முகம் வாடவில்லை. “அதை யாரு தம்பி விக்கப் போறா? எங்க தாத்தா வச்சது” என்றார். பிறகு ஒரு கறுத்த செப்புக்காசைக் காட்டி, “இதைப் புளி போட்டுத் தேச்சா பளபளன்னு வரும்” என்றார். “வேண்டாம்மா” என்று அவசரமாக வாங்கிக்கொண்டேன். தேய்த்தால் கறுப்போடு மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.

அந்தக் கறுத்த காசு சாயங்காலம் வரை என்னை விடவில்லை. நடுவில் எல்லாம் மழுங்கி, ஓரத்தில் ‘கம்பெனி’ என்ற ஆங்கிலச் சொல்லும், ஆண்டில் 18, ஓர் இடைவெளி, 5 என்பதும் மட்டுமே தெரிந்தன. 1835 என்றால் இந்தியாவின் கால் அணா. அதில் தலை கிடையாது, சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னம்தான். இதில் கொண்டை போட்ட ஒரு பெண் தலை நிழல்போல் தெரிந்தது. அது விக்டோரியா என்றால், அவர் அரசியானதோ 1837இல்.

பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் ஃபெர்ரியில், கைப்பேசி விளக்கைக் காசுக்குக் கிடைமட்டமாகச் சாய்த்துப் பிடித்துத் திருப்பினேன். ஒரு கோணத்தில் அந்த இடைவெளியில் மெல்லிய சாய்கோடு ஒன்றும், அதைக் குறுக்கே வெட்டும் கோடு ஒன்றும் எழுந்தன. 4. பினாங்கு கம்பெனி ஆட்சியில் இருந்தபோது நீரிணைக் குடியேற்றங்களுக்காக (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) அடித்த 1845 செப்புக்காசு. அதை மட்டும் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.