அண்ணனோட லோன் என் சிபில்ல வந்த கதை

சிபில் ஸ்கோர் (கடன ஒழுங்கா கட்டறோமான்னு பாத்து நமக்கு போடற மார்க்) எவ்ளோன்னு ஆப்ல பாத்துட்டு அதோட விட்றாதீங்க, முழு ரிப்போர்ட்ட டவுன்லோட் பண்ணி ஒவ்வொரு வரியா படிங்க. அதுவும் நம்மூர்ல தாத்தா பேரை பேரனுக்கு வெக்கற குடும்பம்னா கண்டிப்பா படிங்க.

எங்க தாத்தா சுப்பிரமணியன். அந்த பேரை பெரியப்பா பையனுக்கும் வெச்சாங்க எனக்கும் வெச்சாங்க, பெரியப்பா ராமலிங்கம், எங்கப்பா ராஜேந்திரன், ஆக ரெண்டு பேருமே ஆர்.சுப்பிரமணியன். வீட்ல அவர் மணி அண்ணா நான் சுப்பு, அதனால எங்களுக்குள்ள குழப்பமே வந்ததில்ல. ஆனா ரொம்ப வருஷம் எல்லாரும் ஒரே புரசைவாக்கம் வீட்ல இருந்ததால அட்ரஸும் ஒண்ணு. கொளத்தூர்ல ஒரு ஃபிளாட்டுக்கு ஹோம் லோன் கேட்டப்பதான் பேங்க் மேனேஜர், சார் உங்க பேர்ல ஒரு பர்சனல் லோன் ஓவர்டியூ, அதாவது தவணை பாக்கி, காட்டுதேன்னு சொன்னார். நான் பர்சனல் லோனே எடுத்தது கிடையாது.

ரிப்போர்ட்ட எடுத்து பாத்தா அண்ணாவோட லோன். கடன் குடுத்த கம்பெனி பான் நம்பர் இல்லாமயே டேட்டா அனுப்பிருக்காங்க, பேரும் அட்ரஸும் ஒத்துப்போனதால என் ஃபைல்ல வந்து ஒட்டிக்கிச்சு. மேல பர்சனல் டீட்டெயில்ஸ் இருக்கற இடத்துல அண்ணாவோட பழைய போன் நம்பரும் இருந்துச்சு, அந்த ஒரு வரிதான் எனக்கு பெரிய ஆதாரமா ஆச்சு. அதனால அக்கவுண்ட் லிஸ்ட்டோட நிறுத்தாம பிறந்த தேதி, பான், போன், அட்ரஸ் எல்லாம் பாருங்க. ஒரு விஷயம், நீங்க யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா அந்த கடன் உங்க ரிப்போர்ட்ல வர்றது சரிதான், அது தப்பு கிடையாது.

மாமா சொன்னார், நிலுவை கொஞ்சந்தானே கட்டிட்டு போயேன்டான்னு. நல்ல மனசோடதான் சொன்னார், ஆனா தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. கட்டினாலும் அந்த அக்கவுண்ட் உங்க ஃபைல்லயேதான் இருக்கும், லேட்டா கட்டின மாசமெல்லாம் உங்க பேர்லயே நிக்கும்.

பண்ண வேண்டியது டிஸ்ப்யூட், அதாவது ரிப்போர்ட்ல இது தப்புன்னு ஆட்சேபணை குடுக்கறது. சிபில் சைட்ல ஆன்லைன்லயே அந்த அக்கவுண்ட்ட செலக்ட் பண்ணி இது என்னுது இல்லன்னு போடலாம். ஆனா க்ரெடிட் பீரோ (சிபில் மாதிரி இந்த ரிப்போர்ட்ட தயாரிக்கற கம்பெனி) தானா எதையும் மாத்தாது, கடன் குடுத்தவங்ககிட்ட கேட்டு அவங்க சரின்னு சொன்னாதான் மாத்தும், அதனால அதே நாள்ல கடன் குடுத்த கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மெயில் போடுங்க. பான் காப்பி, ரிப்போர்ட்ல அந்த பக்கம், கூடவே ஒரே ஒரு கேள்வி: அந்த லோன் அப்ளிகேஷன்ல இருக்கற போட்டோவும் பானும் கையெழுத்தும் என்னுதான்னு எடுத்து பாருங்க. எனக்கு வேலை நடந்தது இந்த கேள்விக்கப்புறம்தான்.

மொத்தம் 30 நாளுக்குள்ள முடிக்கணும், அதுல கடன் குடுத்தவங்களுக்கு 21 நாள். தாண்டினா நாளைக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தரணும்னு ஆர்பிஐ ரூல், 2024 ஏப்ரல்லேர்ந்து அமல்ல இருக்கு. நெறைய பேருக்கு இது தெரியவே இல்லங்கறதுதான் எனக்கு வருத்தம்.

அண்ணாகிட்ட கேக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. வேலை போய் தவணை நின்னுருக்கு, அது வீட்ல யாருக்கும் தெரியாது. சரி பண்ணா அந்த ஓவர்டியூ அவர் ஃபைலுக்கு போகும்னு தெரிஞ்சும், "என் கடன்டா, என் பேர்ல இருக்கட்டும்"னு சொல்லி லோன் நம்பர், பான் காப்பியோட லெட்டர் எழுதி குடுத்தார். சொந்தக்காரங்களோட சண்டை போட்டு இத சாதிக்க முடியாது, அவங்க கடன நாலு பேர் முன்னாடி பேசாதீங்க, தனியா உக்காந்து கேளுங்க.

ஒரு இடத்துல சரியாச்சுன்னு விட்றாதீங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு க்ரெடிட் பீரோ இருக்கு, நாலுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும், நாலையும் எடுத்து பாருங்க. 30 நாள் தாண்டியும் பதில் வரலன்னா ஆர்பிஐயோட சிஎம்எஸ்ங்கற புகார் வெப்சைட்ல ஆம்பட்ஸ்மேனுக்கு (புகார விசாரிக்கற அதிகாரி) புகார் குடுக்கலாம், காசு கிடையாது, 2022 செப்டம்பர்லேர்ந்து க்ரெடிட் பீரோ மேலயும் குடுக்கலாம். இனிமே எந்த ஃபார்ம்லயும் வெறும் ஆர்னு இனிஷியல் போடாம அப்பா பேரை முழுசா எழுதுங்க, பான் நம்பர் கேக்கலன்னாலும் குடுங்க.