பக்கத்துக் கட்டில் அக்கா: டயாலிசிஸ் நாட்குறிப்பு

24 மார்ச் 2025, திங்கள்

போன டயாலிசிஸுக்குப் பிறகு உடம்பில் தங்கிய நீரால் எடை இரண்டே முக்கால் கிலோ ஏறியிருந்தது. வெயில்தான் காரணம். தண்ணீரை அளந்து குடித்தாலும் மோர், ரசம் என்று எப்படியோ உள்ளே போய்விடுகிறது.

பக்கத்துக் கட்டிலுக்குத் தென்காசிப் பக்கத்து அக்கா ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட பிஸ்டுலா இன்னும் தேறவில்லையாம், கழுத்துக் குழாய் வழியாகத்தான் டயாலிசிஸ் ஓடுகிறது. எனக்கு ஊசி குத்தும்போது பைபிளின் 23ஆம் சங்கீதத்தை முணுமுணுப்பது வழக்கம். இரண்டு ஊசியும் ஏறி முடிவதற்குள் ஆறு வசனமும் வந்துவிடும். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

2 ஏப்ரல், புதன்

இன்று கேட்டுவிட்டார். “என்னம்மா, மந்திரம் மாதிரி என்னமோ சொல்லுத?”

“கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்று முழுவதையும் சொல்லிக் காட்டினேன்.

“உங்க சாமிகிட்ட வேண்டுனா கிட்னி சரியாயிருமா?”

ஆகும் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுலைப் பற்றிச் சொன்னேன். தன் உடம்பில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் கிடைத்தது. நானும் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்து படுக்கிறேன் என்றேன்.

இங்கே நான்கு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. பிடிக்காத பேச்சு காதில் விழுந்தாலும் கேட்டுக்கொண்டுதான் கிடக்க வேண்டும். அதனால் கேட்காதவர்களிடம் நான் விசுவாசத்தைப் பேசுவதில்லை. கேட்டால் மறைப்பதும் இல்லை.

11 ஏப்ரல், வெள்ளி

பங்குனி உத்திரம். அக்கா வீட்டில் எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டார்கள். மகன் மட்டும் துணைக்கு இருந்தார்.

கடைசி ஒரு மணி நேரத்தில் அக்காவுக்குப் பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. சிஸ்டர் ஓடிவந்து சலைன் விட்டார். “ஒரு மடக்குத் தண்ணி தாங்களேன்” என்று அக்கா கெஞ்சியதைக் கேட்க முடியவில்லை. மகன் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டார். “ஜெபம் பண்ணட்டுமா அக்கா?” என்றேன். தலையாட்டினார். படுத்தபடியே ஜெபித்தேன்.

வெளியே வந்ததும் மகன் கேட்டார்: “அம்மாவ மாத்தப் பாக்கீங்களா?”

“நான் நம்புறதை அம்மா கேட்டாங்க, சொன்னேன் தம்பி. இயேசுவை அவங்களும் அறியணும்னு எனக்கு ஆசை உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். முடிவு அவங்களோடது.”

அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். என் அம்மாவாக இருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

பெரிய வெள்ளியன்று சர்ச்சில் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனைக்குப் போக முடியவில்லை. இயர்போனில் ஏழு வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். “இன்னைக்கு என்ன விசேஷம்?” என்றார் அக்கா. சிலுவையில் இயேசு பேசிய ஏழையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். ஐந்தாவது, “தாகமாயிருக்கிறேன்.”

“யாரு, சாமியா சொல்லிச்சு?”

“ஆமா அக்கா.”

“யாராவது தண்ணி குடுத்தாங்களா?”

கடற்காளானைக் காடியில் தோய்த்து நீட்டியதைச் சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். “புளிச்ச காடியை ஸ்பாஞ்சில நனைச்சு வாய்கிட்ட நீட்டுனாங்க.”

அக்கா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். “அப்போ அவருக்குத் தெரியும்” என்றார். இத்தனை வருஷம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த வசனத்தை இவ்வளவு சரியாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

23 ஏப்ரல், புதன்

யோவான் சுவிசேஷம் மட்டும் தனியாக உள்ள சின்னப் புத்தகத்தை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணுக்கு எட்டவில்லை. மகன்தான் வாசித்துக் காட்டினார், கொஞ்சம் வேகமாக, முகத்தைச் சுளிக்காமல். நான்காம் அதிகாரத்தில் கிணற்றடிக்கு வந்ததும் அக்கா நிறுத்தச் சொன்னார். அந்தச் சமாரியப் பெண் யார், அவளிடம் ஏன் இவர் தண்ணீர் கேட்கிறார் என்று வெள்ளிக்கிழமை நான் சொல்ல வேண்டுமாம்.