ஒரே ஊர்க்காரங்கதானே!

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் நாய்க்குட்டி கேட்டாள். வாடகை ஃபிளாட். ஓனர் எங்களையே அரைமனதாகத்தான் வைத்திருக்கிறார். பேரம் படிந்து படிந்து மீனில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குப் போனோம். சென்னையில் வண்ணமீன் என்றால் அங்கேதான். இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினேன். 24க்கு 12க்கு 12 அங்குலம். கணக்குப் போட்டால் 56 லிட்டர். கல்லும் மணலும் மேல் விளிம்பும் போக 50கூடத் தேறாது. அதாவது, தண்ணீர் கேன் இரண்டரை.

"தாராளமா இருபது மீன் விடலாம் சார். எல்லாம் கம்யூனிட்டி மீனு, சண்டையே போடாது" என்றார் கடைக்காரர்.

அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டங்களுக்குப் போய்வந்த நான் அந்த வார்த்தையை நம்பியிருக்கவே கூடாது.

ஐந்து கப்பி, மூன்று டைகர் பார்ப், அழுக்கைத் தின்னும் என்று ஒரு சக்கர். நியான் டெட்ரா ஆறும் ஏஞ்சல் இரண்டும் மட்டும் என் சொந்தத் தேர்வு. இரண்டுக்குமே பூர்வீகம் அமேசான் ஆறு என்று போனில் படித்திருந்தேன். ஒரே ஊர்க்காரங்கதானே, ஒத்துப்போவார்கள் என்று நினைத்தேன். ஊரில் யார் யாரைச் சாப்பிட்டார்கள் என்று விசாரிக்கவில்லை.

மகள் பழைய நோட்டு ஒன்றில் அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்தாள். கப்பிகளுக்கு அவள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர். நியான்கள் அச்சில் வார்த்த மாதிரி இருந்ததால் வெறும் ரோல் நம்பர்.

மூன்றாம் நாள் காலை, "அப்பா, ரோகித்துக்கு யாரோ முடி வெட்டிட்டாங்க!"

விசிறி மாதிரி இருந்த வால் தேய்ந்த விளக்குமாறாகியிருந்தது. சீரியலை விட்டுவிட்டுத் தொட்டி பார்க்கத் தொடங்கியிருந்த அம்மாதான் ஆளைக் காட்டிக்கொடுத்தாள். "அந்த வரி போட்டவனுங்கதான்டா. சும்மாவே இருக்க மாட்டேங்கிறானுங்க."

டைகர் பார்ப் எட்டு பத்தாக இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொண்டு திரியுமாம். மூன்றே மூன்றை விட்டால் பொழுது போகாமல் ஊரார் வாலைக் கடிக்கும். சிக்கனமாக மூன்று வாங்கிய மகானுபாவன் நான்தான். கப்பி வால் முடிந்து ஏஞ்சலின் மீசை மாதிரித் தொங்கும் துடுப்புக்குப் போவதற்குள், பார்ப் கூட்டமே வளர்க்கும் ஆபீஸ் நண்பரிடம் தள்ளிவிட்டேன்.

இரண்டு மாதம் அமைதி. அப்புறம் ரோல் நம்பர் நான்கு ஆப்சென்ட். அடுத்த வாரம் ஆறாம் நம்பரும். செத்திருந்தால் மிதக்கவேண்டுமே? ஃபில்டருக்குப் பின்னால், கல்லுக்கு அடியில், சோபாவுக்குக் கீழேகூடத் தேடினோம். "லீவ் லெட்டர் குடுத்தாங்களாப்பா?" என்றாள் மகள்.

அம்மா நிதானமாகக் கேட்டாள்: "அந்தத் தட்டையா இருக்கே ரெண்டு, அதுங்க ரெண்டு நாளா காலைல சாப்பாடு வேணாங்குதே, கவனிச்சியா?"

ஐந்து ரூபாய்க் காசு அளவில் வாங்கியவை உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தன. நியானோ அப்படியே வாய்க்குள் போகிற சைஸ். அமேசானிலும் ஏஞ்சலுக்கு இதுதான் சாப்பாடாம்.

ஏஞ்சல்களும் சக்கரும் கடைக்கே திரும்பின. சக்கர் ஓர் அடிக்கு மேல் வளரும் ஜாதி, என் தொட்டியில் திரும்பிப் படுக்கக்கூட இடமிருக்காது. ஏரியில் விட்டுடுங்களேன் என்றார் மாடிவீட்டுக்காரர். நம் ஏரிகளில் அது ஏற்கெனவே பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது சார், அந்தப் பாவம் வேறு எனக்கு வேண்டாம் என்றேன்.

மிச்சம் நான்கு நியான், ஐந்து கப்பி. சாதுவான கூட்டணி. ஆனால் கப்பியில் மூன்று பெண். மாதத்துக்கு ஒருமுறை குட்டி, ஒரு ஈட்டுக்கு இருபது முப்பது. ஆணைப் பிரித்து வைத்தாலும் பயனில்லை, ஒருமுறை சேர்ந்தால் பல மாதத்துக்கு ஆணின் சரக்கைப் பெண் சேமித்து வைத்திருக்குமாம். வெறும் ஆண் கப்பியாக வாங்கியிருக்கலாம். கலரும் அதற்குத்தான்.

மகள் புது நோட்டு கேட்கிறாள், 200 பக்கமாம். கீழ்வீட்டுக்குப் பத்து, அயர்ன்காரர் மகனுக்குப் பதினைந்து கொடுத்தாயிற்று. மாடிவீட்டுக்காரர் மட்டும் என் கையில் கவரைப் பார்த்தால் லிஃப்டை விட்டுவிட்டு நான்கு மாடியும் படியேறிப் போகிறார்.