பதினாறாவது வளைவில் பின்னால் உருண்ட கார்

ஜூலை 6, 2024, சனி

ஏற்காடு மலைப்பாதையில் பதினாறாவது கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து இறங்கிய பஸ் வளைவை முழுதாக அடைத்துக்கொண்டது. ஏறும் வண்டிக்குத்தான் வழி என்றாலும் அவ்வளவு நீளமான பஸ் எங்கே ஒதுங்கும்? நிறுத்தினேன். பஸ் போனதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைப்பதற்குள் கார் பின்னால் உருண்டது. பின்னால் ஸ்கூட்டரில் கணவன், மனைவி, நடுவில் குழந்தை. அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். கைபிரேக்கை இழுத்து நிறுத்தியபோது இடைவெளி ஒரு முழம்தான் இருக்கும்.

ஏற்றத்தில் பிரேக்கை விட்ட பிறகும் இரண்டு விநாடி காரைப் பிடித்து வைத்திருக்கும் ஏற்ற உதவி இன்று பிடிக்கவில்லை. அது இயங்காது என்று டேஷ்போர்டில் ஒரு வரி, கூடவே சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு. மீதி வளைவுகளைக் கைபிரேக்கை நம்பியே ஏறினேன்.

ஜூலை 7, ஞாயிறு

சேலம் திரும்பிவிட்டேன். இன்ஜினை அணைத்துப் போட்டால் மஞ்சள் விளக்கு போகிறது, சற்று ஓட்டியதும் திரும்ப வருகிறது. காரைச் சுத்தம் செய்தபோது பெடலுக்குக் கீழே நீல நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள். மகனின் பொம்மை உடைந்திருக்கும் என்று கூட்டித் தள்ளினேன்.

ஜூலை 8, திங்கள்

சர்வீஸ் சென்டரில், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள்: ரூ.42,000. கார் கணினியில் பதிவான பழுது எண் என்ன என்று கேட்டேன், பதில் வரவில்லை. என் காரில் ஏற்ற உதவிக்கென்று தனி இயந்திரம் கிடையாது. ஏபிஎஸ் யூனிட்டின் வால்வுகள்தான் பிரேக் ஆயிலின் அழுத்தத்தைச் சக்கரங்களில் பூட்டி வைக்கின்றன. சாலை சரிவா, சக்கரம் நிற்கிறதா, கால் பெடலில் இருக்கிறதா என்று சென்சார்கள் அதற்குச் சொல்ல வேண்டும். அவற்றில் ஒன்று தவறாகச் சொன்னாலும் உதவி விலகிக்கொள்ளும். சேதி சொல்வது கெட்டிருந்தால் யூனிட்டை மாற்றி என்ன பயன்? காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன், இரவு

காவலாளிப் பெரியவர் கதவைத் தட்டினார். "தம்பி, உங்கள் காரின் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது."

பூட்டிய காருக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சிவப்பு. டார்ச்சுடன் பெடலுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். பெடல் தண்டில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு துளை. அதற்கு நேரே, பெடலை மிதித்தால் பின்பக்க பிரேக் விளக்கை எரிய வைக்கும் பிரேக் சுவிட்ச். அதன் முனை அந்தத் துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் முனையை அழுத்தினேன், சுவர் இருண்டது. விட்டேன், சிவந்தது. துளையின் விளிம்பில் நகக்கீற்று அளவு நீலப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது.

ஞாயிறன்று நான் கூட்டித் தள்ளிய அதே நீலம்!

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

ஜூலை 11, வியாழன்

தெரிந்த மெக்கானிக் ஸ்கேனரைப் பொருத்தினார். பெடலில் கால் இல்லை, பிரேக் ஆயிலின் அழுத்தமும் 0. சுவிட்ச் மட்டும் மிதித்திருப்பதாகச் சொல்கிறது. இந்த முரணைக் கண்டுதான் யூனிட் உதவியை நிறுத்தியிருக்கிறது. "பெடல் துளையை அடைத்துச் சுவிட்ச் முனையை அழுத்தி வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டாப்பர் பொடிந்துவிட்டது அண்ணா, வெயிலில் இறுகி உதிர்வதுதான். உடையத் தொடங்கியபோது விட்டுவிட்டு வேலை செய்திருக்கும்" என்றார். துளையில் போல்ட் போட்டு அனுப்பலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மலையிறக்கத்தில் அது தளர்ந்தால் என்னாவது? மாலையில் ஸ்டாப்பர் கிடைத்தது, ரூ.60. பழுது எண்ணை அழித்தார்.

ஜூலை 13, சனி

பதினாறாவது வளைவில், பின்னால் எவரும் இல்லாத நேரம் பார்த்து நிறுத்திப் பிரேக்கை விட்டேன். ஒன்று, இரண்டு. கார் அசையவில்லை.

உருண்டதைவிட இன்னொன்றுதான் மனத்தை அரிக்கிறது. போன வாரம் மலையிறங்கியபோது எத்தனை வளைவுகளில் அந்தச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்ததோ! நான் எப்போது பிரேக் பிடிக்கிறேன் என்று பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இன்று காலை கிளம்பும் முன் பெரியவரைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லி மூன்று முறை மிதித்தேன். "எரிகிறது... அணைந்துவிட்டது" என்று மூன்று முறையும் உரக்கச் சொன்னார்.