வருடக் கடைசிக் கணக்கு

27 டிசம்பர் 2025, சனி

வெளியே மழை, எங்கும் போகிற மாதிரி இல்லை. சரி, வருடத்தைப் புரட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஞாபகத்தை நம்பி எழுதினால் தீபாவளிக்கு அப்புறம் நடந்ததுதான் வரும், அதனால் கைப்பேசி நாள்காட்டி, வங்கிக் கணக்கு, எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஜனவரியிலிருந்து வரிசையாகப் பார்க்கிறேன்.

28 டிசம்பர், ஞாயிறு

மே 3 பொதுத் தேர்தல், ஆகஸ்ட்டில் சிங்கப்பூருக்கு 60 வயது, இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் நாள்காட்டியில் நிறைந்திருப்பது அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது அரசாங்க மருத்துவ நிலையத்துக்கு, கூட்டிப்போன நாள்கள்தான். ஒரு வாரம் ரத்தப் பரிசோதனை, அடுத்த வாரம் மருத்துவர், அப்புறம் மருந்துக்குக் காத்திருப்பு. வெறும் வயிற்றில் வரச் சொல்வதால் துணிப்பைக்குள் இட்லி டப்பா தயாராக இருக்கும். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்தியபடியே "அந்த மூடியைத் திற" என்பார். பிறகு தேக்கா சந்தையில் கீரைக்காரரிடம் அரை மணி நேரப் பேச்சு. விடுப்பெல்லாம் இதிலேயே கரைந்தது என்று புலம்பியிருக்கிறேன், ஆனால் படங்களைப் பார்த்தால் நான் சிரிப்பவை பெரும்பாலும் அந்த நாள்களில் எடுத்தவை.

29 டிசம்பர், திங்கள்

கடைகளில் செலவழிக்க வீட்டுக்கு வீடு அரசாங்கம் கொடுத்த இந்த வருடத்து சிடிசி பற்றுச்சீட்டுகள் 31ஆம் தேதியோடு காலாவதி. மிச்சமிருந்ததை அரிசி, எண்ணெய் என்று தீர்த்தாயிற்று. நாட்டின் 60 வயதுக்காகக் கொடுத்த அம்மாவின் எஸ்ஜி60 பற்றுச்சீட்டு, மூத்தவர்களுக்கான அந்த 800 வெள்ளி, பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. "அடுத்த வருடக் கடைசி வரைக்கும் செல்லும்ல, இருக்கட்டும்டி."

30 டிசம்பர், செவ்வாய்

அம்மாவின் மத்திய சேமநிதி (மசே நிதி) ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போட்டேன். தகுதி உள்ளவர்களுக்கு நாம் போடுவதற்கு இணையாக அரசாங்கமும் வருடத்துக்கு 2,000 வெள்ளி வரை போடுகிறது, 70 வயது என்ற உச்ச வரம்பையும் இந்த வருடம் எடுத்துவிட்டார்கள். தம்பியிடம் பாதி கேட்டதும் முதல் கேள்வி, "அக்கா, வரிக்கழிவு உண்டா?" அரசாங்கம் ஈடு கொடுக்கும் தொகைக்கு இந்த வருடத்திலிருந்து கழிவு கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் பேநவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் பாதி வந்து விழுந்தது.

31 டிசம்பர், புதன்

புத்தாண்டுத் தீர்மானம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்குப் பதிலாக அம்மாவின் 2026 மருந்தகத் தேதிகளைத் தம்பிக்கும் அனுப்பி, ஒன்று விட்டு ஒன்று அவன் பெயரைப் போட்டுவிட்டேன். ரத்தம் எடுக்கும் நாளெல்லாம் எனக்கு, மருந்துக்குக் காத்திருக்கும் நாளெல்லாம் அவனுக்கு. அவன் இன்னும் கவனிக்கவில்லை.